தெருவளவில் உணவுப் பொருள் திரட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தெரு, ஒரு காலனி, ஒரு அடுக்குமாடி என்ற அளவில் மளிகைப் பொருள் சேர்த்து, அக்கம்பக்கத்தில் அடுப்பு எரியச் சிரமப்படும் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கும் தன்னார்வலர்களுக்காக எழுதியது. தமிழ்நாட்டு நகரங்களை மனதில் வைத்தே பதில்கள் சொல்லப்பட்டுள்ளன. கல்யாண மண்டபத்தில் மீதமாகும் சாப்பாட்டைப் பற்றிய கேள்விகள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

நோட்டீஸ் அடித்துவிட்டோம், யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பரவாயில்லையா?

நோட்டீஸை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் பட்டியல், அப்புறம்தான் பொருள். பொருளைக் குவித்து வைத்துக்கொண்டு ஆள் தேடினால், கேட்கத் தெரிந்தவரும் வாசல்வரை நடந்து வர முடிந்தவரும் வாங்கிக்கொண்டு போவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், கை நீட்டக் கூசுபவர், விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுபவர் விடுபட்டுப் போவார்கள். உண்மையில் பசி இருப்பது இந்த வீடுகளில்தான்.

விசாரிக்க வேண்டிய ஆட்கள் எல்லாப் பகுதியிலும் உண்டு. எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். திங்கட்கிழமை மதியம் எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கிறது என்பது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தனியாக இருக்கும் முதியவர்கள் எல்லோரும் பழக்கம். இவர்கள் யாரையும்விடத் துல்லியமாகத் தெரிந்தவர் தெருமுனை மளிகைக் கடைக்காரர். கடன் நோட்டில் ஒரு வீட்டின் பக்கத்தில் அரைக் கிலோ பருப்பு கால் கிலோவாகும், பிறகு நூறு கிராமாகும், அப்புறம் பருப்பே எழுதப்படாது. அந்த மாற்றம் அவர் கண்ணில்தான் முதலில் படும். நோட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். "இந்த மாதம் யார் வீட்டுக்குக் கொடுத்தால் நல்லது அண்ணாச்சி?" என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார்.

பட்டியலில் குறிக்க வேண்டியவை கொஞ்சம்தான்: வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, ரேஷன் அட்டை உண்டா, என்ன அடுப்பு, குக்கர் இருக்கிறதா, யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, எந்த நேரம் வீட்டில் இருப்பார்கள். ஆதார் எண் கேட்கவே வேண்டாம். அதை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை, அவர்களுக்குத்தான் பயம்.

ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறதே, இங்கே யார் பட்டினி?

அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 முதல் படிப்படியாக வந்த காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. ஆகவே வெறும் வயிற்றோடு நாள் முழுவதும் கிடக்கும் குடும்பங்கள் இங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் சோறும் உப்பும் மோர்மிளகாயுமாக வாரக்கணக்கில் ஓட்டும் வீடுகள் குறைவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அரிசி மட்டும் வயிற்றை நிரப்பினால் இதுதான் நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் சொல்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 10 கிலோ. ரேஷன் கடையில் அட்டைக்குக் கிடைப்பது 1 கிலோ துவரம்பருப்பு. மீதி 9 கிலோவுக்குக் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் வழியில்லை. உங்கள் தெரு நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான்.

இது தவிர அட்டையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்: நடைபாதையில் குடியிருப்பவர்கள், கணவர் வீட்டிலிருந்து பிரிந்து வந்து பெயர் இன்னும் பழைய அட்டையிலேயே இருக்கும் பெண்கள், வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அட்டை இருந்தும் கடைக்குப் போய் விரல் ரேகை வைக்க முடியாத முதியவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

அட்டை இல்லாத குடும்பத்துக்கு மாதாமாதம் பை கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?

கொடுங்கள், ஆனால் கூடவே அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். ஒரு அட்டை வாங்கிக் கொடுப்பது இருபது பைகளுக்குச் சமம். பொது விநியோகத் திட்ட இணையதளத்திலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் தடங்கலாவது பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கம்தான். அதை முடிக்காமல் புதிய விண்ணப்பம் போட்டால் திரும்பி வந்துவிடும். முகவரிச் சான்றுக்கு எரிவாயு ரசீதோ வாடகை ஒப்பந்தமோ இல்லாத வீடுகளில் வீட்டு உரிமையாளரிடம் பேசிச் சம்மதிக்கவைப்பது தன்னார்வலர் ஒருவர் கூடப் போனால் எளிதாகிறது. புகாருக்கும் விசாரணைக்கும் 1967 என்ற எண் இருக்கிறது. நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கியது. பட்டியலில் உள்ள பெரியவர்களின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ரேஷன் அரிசி வாங்கும் நான்கு பேர் வீட்டுக்கு ஒரு மாதப் பை: துவரம்பருப்பு 2 கிலோ, பாசிப்பயறு 1 கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ, சமையல் எண்ணெய் 2 லிட்டர், ரவை 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, புளி 250 கிராம், மிளகாய்த்தூள் 200, மஞ்சள்தூள் 50, கடுகும் உளுந்தும் சேர்ந்து 200, டீத்தூள் 250. எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு பெண் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடிகிற எடை. பயறு, பருப்பு மட்டும் 4 கிலோ. தேவையில் பாதியைக்கூட இது எட்டவில்லை என்பதை மனதில் வையுங்கள். தெருவில் பொருள் அதிகம் சேர்ந்தால் பைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் பயறைக் கூட்டுங்கள்.

குக்கர் இல்லாத வீட்டுக்குக் கொண்டைக்கடலை கொடுத்தால் அது வேகும்வரை எரிவாயுவோ விறகோ தீர்ந்துவிடும். அங்கே கடலைக்குப் பதில் பாசிப்பருப்பு. தனியாக இருக்கும் முதியவருக்கு இதே பையைக் கொடுப்பது தவறு. அரைக் கிலோ பருப்பு, கால் கிலோ பொட்டுக்கடலை, அரைக் கிலோ கேழ்வரகு மாவு, அரை லிட்டர் எண்ணெய், சின்னப் பொட்டலங்களாக. ஐந்து கிலோப் பையைப் பிரித்து டப்பாவில் கொட்டி மூடக்கூடக் கை நடுங்குபவர்கள் அவர்கள். சர்க்கரை நோய் இருக்கும் வீட்டில் சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தில் பயறு வையுங்கள்.

குளியல் சோப்பு, சானிட்டரி நாப்கின் இரண்டும் கேட்காமலே தேவைப்படுபவை. ஆனால் சோப்பைத் தனிப் பையில் கட்டுங்கள். ஒரே பையில் ஒரு ராத்திரி இருந்தால் ரவையும் டீத்தூளும் சோப்பு வாசம் பிடித்துவிடும், அப்புறம் அந்த உப்புமாவைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

"அரிசி, பருப்பு, எண்ணெய், எது வேண்டுமானாலும் தரலாம்" என்று கேட்டோம். எல்லாரும் அரிசியே கொடுத்தார்கள். ஏன்?

நீங்கள் அப்படிக் கேட்டதால்தான். தானம் என்றால் நம் மனதில் முதலில் வருவது அரிசி. பொதுவாகக் கேட்டால் பொதுவானதுதான் வரும். வீட்டுக்கு ஒரு பொருள் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். முதல் பத்து வீட்டுக்குத் துவரம்பருப்பு, அடுத்த பத்துக்கு எண்ணெய், அடுத்ததற்குப் பயறு. அடுக்குமாடியில் தளவாரியாகப் பிரிக்கலாம். நோட்டீஸில் பெரிய எழுத்தில் ஒரே வரி: "உங்கள் வீட்டுக்கு: துவரம்பருப்பு, 1 கிலோ பாக்கெட், இரண்டு." இப்படி எழுதினால் யோசிக்க ஒன்றுமில்லை, கடைக்குப் போகும்போது சேர்த்து வாங்கிவிடுவார்கள். தொகையும் அளவும் தெளிவாக இருந்தால் "எவ்வளவு கொடுப்பது" என்ற சங்கடமும் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் 60 வீடுதான். எத்தனை குடும்பத்துக்குப் போதும்?

முதல் முறை மூன்றில் ஒரு வீடு கொடுக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 20 வீடு, வீட்டுக்கு 2 கிலோ என்றால் 40 கிலோ. அதாவது நான்கு பை. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் "ஐம்பது குடும்பத்துக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் யார் பெயரை அடிப்பது என்று உட்கார்ந்து விவாதிக்கும் நிலைமை மிக மோசம். நான்கு குடும்பத்துக்கு ஆறு மாதம் கொடுப்பது ஐம்பது குடும்பத்துக்கு ஒருநாள் கொடுப்பதைவிட மேல். ஒருநாள் பை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆறு மாதம் தொடர்ந்து பருப்பு வரும் என்று தெரிந்தால் ஒரு தாய் கடனுக்கு வட்டி கட்டுவதை நிறுத்தி முதலைக் கட்டத் தொடங்குவாள்.

பிடி அரிசி முறை இந்தக் காலத்தில் எடுபடுமா?

உலை வைக்கும்போது தினமும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைக்கும் பழக்கம் நம்மிடம் பழையது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி அதை ஒரு திட்டமாகவே ஊர் ஊராகப் பரப்பினார். ஒரு பிடி என்பது ஏறக்குறைய 40 கிராம். மாதம் 1.2 கிலோ. ஐம்பது வீட்டில் 60 கிலோ. கொடுப்பவருக்குச் சுமையே தெரியாது, தினமும் நினைவும் இருக்கும். அதனால்தான் அது நிற்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். ஐம்பது வீட்டு அரிசியை ஒரே சாக்கில் கொட்டினால் பொன்னிப் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பழையது, புதியது எல்லாம் கலந்துவிடும். பச்சரிசி குழைந்து களியாகும் நேரத்தில் புழுங்கல் நடுவில் நறுக்கென்று இருக்கும். வாங்கியவர் வீட்டில் சோறு பாழாகும், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். ஆகவே பிடி அரிசி என்றால் "சாப்பாட்டுப் புழுங்கல் மட்டும்" என்று சொல்லி, மற்றவற்றைத் தனிச் சாக்கில் வாங்குங்கள். கலந்துவிட்டதா? திரித்துக் கஞ்சிக் குருணையாக்கிக் கொடுங்கள். அது சீராக வேகும், முதியவர்களுக்கும் ஏற்றது. ரேஷன் அரிசி கிடைக்கும் பகுதியில் அரிசிப் பிடியைப் பயறுப் பிடியாக மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. தினமும் ஒரு பிடி பாசிப்பயறு எடுத்துவைப்பதில் முறை ஒன்றும் மாறுவதில்லை.

பணமாகக் கொடுக்கிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

பொருளும் பணமும் கலந்து வருவதே நல்லது. பருப்பும் எண்ணெயும் தெருவிலிருந்து வந்துவிடும், மஞ்சள்தூளும் கடுகும் யாரும் கொடுக்கமாட்டார்கள். அந்தத் துண்டுப் பொருள்களுக்குப் பணம் வேண்டும். சென்னையில் கோயம்பேடு, மதுரையில் கீழமாசி வீதி, கோவையில் ரங்கே கவுடர் வீதி போன்ற மொத்தக் கடைப் பகுதியில் மூட்டையாக வாங்கினால் அதே பணத்துக்கு அதிகம் கிடைக்கும். அரிசி வாங்குவதாக இருந்தால் 26 கிலோ மூட்டையைக் கேளுங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவரையுள்ள, அச்சிட்ட உறையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதனால்தான் 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. எண்ணெய்ப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்க்க ஒரு லிட்டர் போலவே இருக்கும் உறையில் அதைவிடக் குறைவாக இருப்பதுண்டு.

ஒருவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் வாங்குவது ஆரம்பத்தில் எளிது, மூன்றாவது மாதம் சந்தேகம் கிளம்பும். குடியிருப்போர் சங்கக் கணக்கு இருந்தால் அதில் வாங்குங்கள், இல்லையென்றால் இருவர் பெயரில் தனிக் கணக்கு. வரவு, செலவு, ரசீதுப் படம் மூன்றும் அன்றன்றே வாட்ஸ்அப் குழுவில் போகட்டும். பொருளாகக் கொடுத்ததற்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்பதைக் கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேகரிக்கும் நாளை எப்படி நடத்துவது?

சம்பளம் வந்த முதல் ஞாயிறு. காலை 8 முதல் 11 மணிவரை. நோட்டீஸ் பத்து நாளுக்கு முன்னால், நினைவூட்டல் வியாழன் மாலை, இன்னொன்று சனிக்கிழமை இரவு. சனிக்கிழமைச் செய்திதான் முக்கியம். பலர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள்.

60 வீட்டுக்கு எட்டுப் பேர் தாராளம். இருவர் இருவராக மூன்று ஜோடி வீடு வீடாகப் போகட்டும், ஒருவர் எழுத, ஒருவர் பிரிக்க. தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். வேண்டியவை: தள்ளுவண்டி அல்லது டிராலி, காய்கறிக் கூடை ஆறு, தொங்கு தராசு, மார்க்கர் பேனா, கீழே விரிக்கத் தார்ப்பாய். எண்ணெய்க்கு ஒரு அன்னக்கூடை தனியாக. ஒழுகும் ஒரே ஒரு பாக்கெட் பத்துக் கிலோ ரவையை வீணாக்கிவிடும்.

பிரிக்கும் மேசையில் வேலை மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிக் கடைசித் தேதியைப் பார்த்து, மார்க்கரில் மாதத்தை மேல்பக்கம் பெரிதாக எழுதுங்கள். பருப்புப் பாக்கெட்டின் மூலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி திரண்டிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. தேதி நன்றாக இருந்தாலும் அதை எடுத்து ஓரம் வையுங்கள். பை கட்டும்போது பருப்பு அடியில், ரவையும் சர்க்கரையும் நடுவில், எண்ணெய் மேலே நிமிர்ந்தபடி. எண்ணெயை அடியில் போட்டால் எட்டுக் கிலோவின் கனத்தில் தையல் விட்டுவிடும்.

பைக்குத் துணிப்பைதான். 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக் தடையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். பத்துக் கிலோவுக்கு அது தாங்காது என்பது இன்னொன்று. மஞ்சப்பை என்றால் வாங்கியவர் வீட்டிலும் ஒரு வருஷம் உபயோகப்படும், தெருவில் எடுத்துப்போனால் கடையில் வாங்கியது போலத்தான் தெரியும், வித்தியாசமாகத் தெரியாது. அதனால் பையில் எந்தப் பெயரும் அச்சிடாதீர்கள்.

எதை வாங்கக் கூடாது?

தேதி முடிந்தது, முடிய இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருப்பது, பிரித்த பாக்கெட், வீட்டு ஊறுகாய், வீட்டில் அரைத்த பொடி, சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் எண்ணெய், தீபாவளி இனிப்புப் பெட்டி. வீட்டுப் பொடியை மறுக்கும்போது மனம் நோகும். யார் எப்போது அரைத்தது என்று எழுத்தில் இல்லாத ஒன்றை இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வாங்கவே கூடாதவற்றில் குழந்தைப் பால்மாவும் புட்டிப்பாலுக்கான பாட்டிலும் மிக முக்கியம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அனாதை இல்லம் தவிர யாருக்கும் அவற்றைத் தானமாகக் கொடுக்கக் கூடாது. காரணம் நல்ல காரணம்: இலவசமாக வந்த ஒரு டப்பா தீர்ந்ததும் அடுத்ததை வாங்கக் காசு இருக்காது, அதற்குள் தாய்ப்பால் வற்றியிருக்கும். அப்புறம் மாவைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்குத்தான் கொடுக்க வேண்டும்: கூடுதல் பயறு, வேர்க்கடலை, வெல்லம்.

மீதப் பொருளை எங்கே வைப்பது?

முடிந்தவரை வைக்காதீர்கள். ஞாயிறு வாங்கியது செவ்வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சங்க அறையில் தரையோடு சுவரோடு சாத்திய மூட்டை மழைக்காலத்தில் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். பழையது முன்னால், புதியது பின்னால்.

வருஷத்தில் எந்த மாதம் அதிகம் தேவை?

பெரும்பாலோர் கொடுக்க நினைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், அரசும் பொங்கல் தொகுப்பு கொடுக்கும். காலியாக இருப்பது வேறு மாதங்கள். மே மாதம் பள்ளி விடுமுறை. காலை உணவும் சத்துணவும் நின்றுவிட, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திடீரென்று ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாட்டுச் செலவு கூடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு, பை, கட்டணம் என்று கையில் இருப்பதெல்லாம் போய்விடும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் கட்டட வேலை, பெயிண்ட் வேலை, தள்ளுவண்டி வியாபாரம் எல்லாம் படுத்துவிடும். கிழக்குக் கடற்கரைப் பகுதி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவர்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. மீன் விற்கும் பெண்களையும் ஐஸ் உடைக்கும் கூலிகளையும் தேடிப் பாருங்கள். மாதத்துக்குள் பார்த்தால் 20ஆம் தேதிக்குப் பிறகுதான் டப்பாக்கள் காலியாகும். சேர்ப்பது முதல் ஞாயிறு என்றாலும் கொஞ்சம் பயறை 20ஆம் தேதிக்கென்று ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம்.

ஒரே இடத்தில் கூப்பிட்டு வரிசையில் கொடுக்கலாமா?

கூடாது. 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் சிக்கி நான்கு பெண்கள் இறந்தார்கள். கூட்டம் சேர்வதற்குப் பெரிய அறிவிப்பு தேவையில்லை, "அங்கே கொடுக்கிறார்கள்" என்ற ஒரு வாய்ச்சொல் போதும். நான்கைந்து பைதான் என்றால் மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டிலேயே கொடுங்கள். இருபதைத் தாண்டினால் ஆளுக்கொரு நேரம் சொல்லிப் பத்து நிமிட இடைவெளியில் வரச் சொல்லுங்கள்.

புகைப்படம் வேண்டாம். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட, கட்டி அடுக்கிய பைகளையும் ரசீதையும் படம் எடுத்தால் போதும். வாங்குபவர் முகத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் அது அந்த வீட்டுப் பெண்ணின் பள்ளித் தோழியின் போனிலும் வரும், அதே தெருதானே. முகத்தைப் படம் பிடித்தால்தான் நன்கொடை தருவேன் என்பவரிடம் நன்கொடை வாங்காமல் இருப்பது மேல்.

வேறு மாநிலத் தொழிலாளர்களுக்கு இதே பை சரிவருமா?

புளியும் சாம்பார்ப் பருப்பும் அவர்கள் அறையில் அப்படியே கிடக்கும். பீகார், உத்தரப் பிரதேசக்காரர்களுக்குக் கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகெண்ணெய். ஒடிசா, வங்காளத்தவர் சோறு சாப்பிடுபவர்கள், மைசூர்ப் பருப்பு சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டை ஊரில் இருந்தால், 2020 அக்டோபர் முதல் இங்கேயுள்ள ரேஷன் கடையிலும் அவர்கள் பங்கை வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது. அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குக் கூட ஒருவர் போய்வந்தால் அடுத்த மாதம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சமைக்கவே வசதியில்லாதவர்களுக்கு?

பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், அவல், வாழைப்பழம். அவலைத் தண்ணீரில் நனைத்தாலே சாப்பிடலாம். அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் அங்கே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்றுதான் 2013இல் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக்குத் தெரு கொடுக்கும் பணம் அங்கே நிறைய தூரம் போகும்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாடு மீந்திருக்கிறது என்று போன் வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இது மளிகை திரட்டுவது போன்ற வேலையல்ல. இங்கே தவறினால் ஆஸ்பத்திரிதான். "நூறு பேருக்கு இருக்கு" என்ற வார்த்தையை வைத்துக் கிளம்பாதீர்கள். சமையல் மாஸ்டரிடமே பேசி மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு இறக்கியது, எத்தனை கிலோ அரிசிச் சோறு மீதி, அண்டா மூடியிருக்கிறதா. ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டுப் பேருக்கு என்று கணக்கு வையுங்கள்.

அண்டாவில் இருப்பதை மட்டும் எடுங்கள். பந்திக்குப் போய்த் திரும்பிய வாளியில் இருப்பதைத் தொடாதீர்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, தயிர்ப்பச்சடி, பால் பாயசம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிடுங்கள். சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். ஆறிய சோற்றில் ஒருவகைக் கிருமி வளர்ந்து நஞ்சை விட்டுவிடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாசம் வரவில்லை என்பது நல்லது என்பதற்கு அத்தாட்சி இல்லை. வாசம் வந்தால் கொட்டுவதற்கு மட்டும்தான் மூக்கு உதவும். இரண்டு மணி நேரமாகத் திறந்து கிடந்த சோற்றை எடுக்காதீர்கள்.

இரவு வரவேற்பில் கடைசிப் பந்தி முடியப் பத்து, பத்தரை ஆகும். அந்த நேரத்தில் குடிசைப் பகுதியில் விளக்கணைத்துப் படுத்திருப்பார்கள், எழுப்பிக் கொடுத்தால் காலைக்கென்று எடுத்துவைப்பார்கள், அதுதான் ஆபத்து. விழித்திருப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்: அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு வந்து காத்திருக்கும் உறவினர்கள், மாநகராட்சி இரவுக் காப்பகங்கள். "இப்போதே சாப்பிட்டுவிடுங்கள், எடுத்துவைக்க வேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுங்கள். செய்தித்தாளில் மடிக்காதீர்கள், மை சோற்றில் இறங்கும். வாழையிலை அல்லது அவரவர் பாத்திரம்.

இதற்கெல்லாம் உரிமம் வேண்டுமா?

உறையிட்ட மளிகையைத் தெருவுக்குள் சேர்த்துக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. மீந்த சாப்பாட்டைத் தொடர்ந்து எடுத்து விநியோகிப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019 உபரி உணவு ஒழுங்குமுறை உங்களைக் கட்டுப்படுத்தும்: பதிவு, எங்கிருந்து எப்போது எடுத்தது என்ற குறிப்பேடு, சைவம் அசைவம் தனித்தனி. மாதத்தில் ஒருமுறை வரும் போனுக்காக இதில் இறங்குவதைவிட, ஏற்கெனவே செய்கிறவர்களிடம் தகவலைக் கடத்துவது பாதுகாப்பு. கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் இதையே முழுநேர வேலையாகச் செய்கின்றன.

யாரும் உணவு வைத்துப் போகவும் எடுத்துச் சாப்பிடவும் பொதுக் குளிர்ப்பெட்டி வைக்கலாமா?

சென்னை பெசன்ட் நகரில் 2017இல் "ஐயமிட்டு உண்" என்ற பெயரில் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் ஆள் வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி ஒட்ட, இரவில் பழையதை அகற்ற, மின்சாரம் போனால் கவனிக்க. தினம் இரண்டு வேளை பார்க்க ஆள் உறுதியானால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

கொடுத்த எண்ணெயை ஒருவர் கடையில் விற்றுவிட்டார். பெயரை நீக்கலாமா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். மாத்திரை வாங்க, மின்கட்டணம் கட்ட, அல்லது எரிவாயு இல்லாமல் விற்றிருப்பார். பெரும்பாலும் எரிவாயுதான். சிலிண்டர் தீர்ந்த வீட்டில் எண்ணெய் என்ன செய்யும்? முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கும் கிடைக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டரை ஒருமுறை நிரப்பிக் கொடுத்தால் அடுத்த மாதப் பை அடுப்பில் ஏறும். இரண்டு அமைப்புகளிடம் வாங்குகிறார் என்று தெரிந்தால் அந்த அமைப்போடு பேசி, ஒருவர் பருப்பும் மற்றவர் எண்ணெயும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு காலம் கொடுப்பது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள். வேலை கிடைத்ததா, அட்டை வந்ததா, கடன் குறைந்ததா? நிலைமை தேறியிருந்தால் இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மே, நவம்பரில் மட்டும் மறுபடி கேட்டுப் பாருங்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் பெயருக்கு எதிரே கடைசித் தேதி எழுத வேண்டாம். நின்றுபோன வீட்டிலிருந்து ஒருநாள் ஒரு கிலோ பயறு உங்கள் கூடைக்கு வந்தால் மற்ற வீட்டுப் பாக்கெட் போலவே தேதி பார்த்து, மாதம் எழுதி, அடுக்கில் வையுங்கள்.